பாஷை முடிவு செய்யாத பிள்ளை

மேல் வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிறந்த குழந்தையின் காதில் சின்னக் குழாய் ஒன்றைச் செருகி எடுத்தாள் நர்ஸ். "ரெண்டு காதும் நல்லா கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

என் தங்கை வசந்திக்கு இப்படி ஒரு குழாய் வாய்க்கவில்லை. அப்பாவுக்கு அந்தமானில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வேலை. ஜங்லிகாட்டில் எங்கள் வீடு முழுக்கப் பலகை, தரையும் சேர்த்து. மழை பிடித்தால் படாக் மரவாடை சோற்றில்கூட அடிக்கும். அந்த வாடைக்கு நான் இன்றும் ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

வசந்தி பேச வேண்டிய வயதில் பேசவில்லை. காதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பின்னால் அம்மா நடந்து வந்தாலே திரும்பிச் சிரிப்பாளே. அப்பாதான் காரணம் கண்டுபிடித்தார். "வீட்ல தமிழு, ரோட்ல இந்தி, பக்கத்து வீட்ல பெங்காலி. எதுல பேசுறதுன்னு புள்ள முழிக்குது. இனிமே இங்க தமிழ் மட்டும்தான்."

அன்றிலிருந்து தண்ணீரைப் 'பானி' என்றால் எனக்குக் குட்டு. 'ஜல்தி'க்குத் தமிழ் தேடுவதற்குள் அவசரமே தீர்ந்துவிடும். வசந்தியை இடுப்பைவிட்டு இறக்காத பக்கத்து வீட்டு பெங்காலிக்காரியிடம், சித்தி முறையில் நாங்கள் மாசி என்று கூப்பிடுபவளிடம், பிள்ளையிடம் பேச வேண்டாம் என்று அம்மா அரைகுறை இந்தியில் சொன்னாள். மாசி கொஞ்ச நாள் வந்து, மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

அம்மா வசந்தியின் மோவாயைப் பிடித்து, "அம்மா சொல்லு, அம்மா" என்று நாள் முழுக்கக் கெஞ்சுவாள். அவளும் உதட்டை மூடித் திறப்பாள், சத்தம் வராது. "பாத்தீங்களா, சொல்ல வருது" என்பாள் அம்மா.

ஒரு நாள் மெயின்லேண்ட் கப்பல் கிளம்புவதை வேடிக்கை பார்க்கப் போனோம். கப்பல் ஊதியதும் கப்பல்துறையிலிருந்த குழந்தைகளெல்லாம் அலறின. அப்பாவின் தோளிலிருந்த வசந்தி மட்டும், வடத்தைச் சுருட்டும் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குக் கேக்கல" என்றார் அப்பா.

"நான் நடந்தா திரும்புறாளே?"

"பலகை ஆடுதுடி. அதான் திரும்புறா."

அடுத்த லீவுக்கு மெட்ராஸ் போனபோது டாக்டர், "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். "அந்தமான்ல சார்" என்றார் அப்பா. பேச்சுப் பழக்க இன்னும் சிறு வயதிலேயே கொண்டுவந்திருக்க வேண்டுமாம்.

அதன்பிறகு காலால் தரையைத் தட்டித்தான் அவளைக் கூப்பிட்டோம். தட்டுவது அம்மாவா நானா என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தட்டல்தான் எங்கள் வீட்டில் அவளுடைய பெயர்.

ஜங்லிகாட்டில் இன்று பலகை வீடு தேடினாலும் கிடைக்காது. எங்கள் தெருவில் முதலில் போனது எங்களுடையதுதான். அப்பா ஆசை ஆசையாகச் சிமெண்டில் கட்டினார். பால் காய்ச்சிய அன்று, ஜன்னல் பக்கம் நின்றிருந்த வசந்தியைச் சாப்பிடக் கூப்பிட அம்மா தரையைத் தட்டினாள். அவள் திரும்பவில்லை. அம்மா இன்னும் ஓங்கி மிதித்தாள்.