மூன்றாம் லைனுக்கு ஏற்ற கொரியப் பாட்டு

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். மூன்றாம் லைனில் நாற்பது தையல் மிஷின்களும் நின்றிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். கரண்ட் இருந்தது. நூல் எங்கும் அறுந்திருக்கவில்லை. நாற்பது பேரும் தலையைத் தூக்கி, சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தமிழ் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, அவிநாசிப் பக்கம் இருந்த இந்தப் பனியன் கம்பெனிக்கு ஹெச்.ஆர். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்ன நடந்தது, யார் முதலில் நிறுத்தினார் என்று கேட்டேன். பழைய பழக்கம்.

"தமிழ் ஒண்ணு, இந்தி ஒண்ணு. அதுதானுங்க சார் பேச்சு," என்றார் பேட்லாக் மிஷினில் இருந்த ஒடிசாக்காரர். ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் எங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசக் கற்றிருந்தார். "இப்ப தமிழ்ல ரெண்டாவது பாட்டு ஓடுதுங்க."

"மொதப் பாட்டு பாதியில நின்னு வெளம்பரம் வந்துருச்சே. அரைப் பாட்டையெல்லாம் கணக்குல சேத்த முடியுமா?" என்றார் எதிரே ஓவர்லாக் அடிக்கும் அக்கா. மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்.

"அந்த வெளம்பரம் எந்த பாஷையில வந்துச்சுங்க அக்கா? தமிழ்தானுங்களே?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"இதென்ன கம்பெனியா, கச்சேரி மேடையா? இன்னொருக்கா பாட்டுக்காக ஒரே ஒரு மிஷின் நின்னாலும் ஸ்பீக்கரக் கழட்டி எடைக்குப் போட்ருவேன், ஆமா." தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னாலும் என்னைப் பார்த்தே சொன்னார்.

டீ இடைவேளையில் அக்கா என் மேஜைக்கு வந்தார். "கழட்ட மட்டும் விட்றாதீங்க சார். நாளெல்லாம் வெறும் மிஷின் சத்தம் கேட்டா, ஊட்டுக்குப் போயிப் படுத்தாலும் தலைக்குள்ள ஓவர்லாக் ஓடுதுங்க." ஒடிசாக்காரரும் பின்னாலேயே வந்து அதையே சொன்னார். அவர் தலைக்குள் பேட்லாக்.

எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காக எங்களிடம் ஒரு தொழிலாளர் குழு உண்டு. அதன் மினிட்ஸ் நோட்டை எழுதுவது நான். அதுவரை அதில் கழிப்பறை, குடிநீர் ஆகிய இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. இப்போது மூன்றாவதாகப் பாட்டு. யாருக்கும் சொந்தமில்லாத பாட்டாக இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

முதலில் நாதஸ்வரம் போட்டோம். அயர்ன் செக்‌ஷனிலிருந்து ஒருவர் வந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். வீணையில் சினிமா மெட்டுகளைப் போட்டோம். இரண்டு வினாடியில் படத்தின் பெயரைச் சொல்லி, அது தமிழ்ப் பாட்டுதான் என்று நிரூபித்துவிட்டார்கள்.

"கொரியன் போடுங்க சார். ஒருத்தருக்கும் புரியாது," என்றாள் ஹாஸ்டலில் தங்கியிருந்த செக்கிங் பெண் ஒருத்தி.

மறுநாள் போட்டோம். உலகம் முழுக்கத் தெரிந்த ஏழு பையன்கள் பாடியது. ஹாஸ்டல் பெண்கள் அனைவருக்கும் அது மனப்பாடம் என்பது எனக்குத் தெரியாது. மதியத்துக்குள், அந்த ஏழு பேரில் யார் அழகன் என்று இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. இரண்டிலும் தர்மபுரிப் பெண்களும் ஜார்கண்ட் பெண்களும் கலந்தே இருந்தார்கள். சண்டை முற்றியது சாப்பாட்டு நேரத்தில். மிஷின்கள் எப்படியும் நின்றிருந்தன. அதனால் ஸ்பீக்கர் தப்பியது.

இன்னொரு சிக்கலும் தெரிந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் அதே ஸ்பீக்கரில்தான் மைக் வைத்துப் பேசுவார். ஆண் குரல் கேட்டால் எல்லாரும் திட்டு விழப்போகிறது என்று நிமிர்ந்துவிடுகிறார்கள். எனவே மினிட்ஸில் இப்படி எழுதினேன்: "பாட்டு கொரிய மொழியில் இருக்கவேண்டும். பெண் குரலாக இருக்கவேண்டும். பாடுபவர் பிரபலமானவராக இருக்கக்கூடாது." குழுவின் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தேடிப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

ஆடிப் பாடும் குழுக்களைத் தாண்டி கொரியாவில் வேறு இசை இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. இருந்தது. நான்கு பெண்கள் மட்டும் கொண்ட ஒரு பேண்ட். ஒருவரும் ஆடவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. டிரம்ஸ் அடிக்கும் பெண் மட்டும் ஒருமுறை கொட்டாவி விட்டார். இன்னொன்றில் பாடும் பெண், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே யாரோ முனகுவதுபோல் கிட்டார் இரைச்சலுக்குப் பின்னால் நின்று பாடினார். ஏழு நிமிடப் பாட்டில் நான்கு நிமிடம் இரைச்சல்தான். ஒரு நிலவறையில் எடுத்த வீடியோவில் பார்வையாளர்களை எண்ணினேன். இருபத்து மூன்று பேர். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் நிபந்தனைகள் மூன்றும் நிறைவேறின.

பிரபலமில்லை என்று உறுதிசெய்வதற்காக ஒவ்வொரு பேண்டின் பாட்டையும் கடைசிவரை கேட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு, உறுதியானவற்றையும் மறுபடி கேட்டேன். பாத்திரம் கழுவும் குரலை பைக்கில் வரும்போதும் கேட்டேன். அதற்கு மினிட்ஸில் இடமில்லை.

முதல் நாள் அந்த ஏழு நிமிடப் பாட்டைப் போட்டபோது, கிட்டார் இரையத் தொடங்கியதும் மெக்கானிக் எண்ணெய்க் குப்பியுடன் ஓடிவந்தார். ஒவ்வொரு மிஷினாகக் காதை வைத்துப் பார்த்தார். "எதுலயோ பேரிங் போயிருச்சுங்க சார், எதுன்னுதான் தெரியல," என்றார். பாட்டு முடிந்ததும், தானே சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றபடி அமைதி. ஐந்து வாரம் ஒரு மிஷினும் நிற்கவில்லை.

ஆறாவது வாரம் ஒடிசாக்காரர் குழுக் கூட்டத்தில் எழுந்தார். "அந்தப் பொண்ணு யாருக்குச் சாதகமாப் பாடுதுன்னு யாருக்குத் தெரியுமுங்க?"

"அதையேதான் நானும் நெனச்சேன்," என்றார் அக்கா. அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல்முறை. கிட்டார் இரைச்சலில் என் போனால் ஒரு வார்த்தையையும் பிடித்து மொழிபெயர்க்க முடியவில்லை. அர்த்தம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை லைன் நிற்கும் என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்லிவிட்டன.

திங்கட்கிழமை கொரியாவிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். மாடியில் இருந்த எம்ப்ராய்டரி மிஷினைச் சரிசெய்வதற்காக. ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். அவர் மாடிப்படி ஏறும் முன்பே குழு அவரை மூன்றாம் லைனுக்கு அழைத்துவந்துவிட்டது. பாட்டு போடப்பட்டது. நாற்பது பேரும் தைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ஏழு நிமிடமும் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கொரிய மொழிதான் என்று நினைக்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில். "என்ன பாடுகிறார் என்று தெரியவில்லை."

நோட்டை அங்கேயே விரித்து எழுதினேன்: "கொரியருக்கே புரியவில்லை. ஆகவே பாட்டு நடுநிலையானது." அக்கா கையெழுத்துப் போட்டார். ஒடிசாக்காரரும் போட்டார்.

அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் டெக்னீஷியன் மரியாதைக்காக முதலாளியிடம் ஒன்று சொன்னார். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸியில் ஒரு தமிழ்ப் பாட்டு கேட்டாராம், நன்றாக இருந்ததாம், இங்கே அதுபோல் போடுவதில்லையா?

"விருந்தாளி வாயத் தொறந்து கேட்டுட்டாருங்க. போடுங்க," என்றார் முதலாளி.

போட்டேன். அக்காவின் மிஷின் வேகம் பிடித்தது. ஒடிசாக்காரரின் கால் பெடலிலிருந்து பாதி எழும்பியது. முதலாளியும் அதைப் பார்த்தார்; ஸ்பீக்கரையும் ஒருமுறை பார்த்தார்.

"இது கெஸ்ட்டுக்குப் போட்டது, கம்பெனிக்குப் போட்டதில்ல. அதனால நான் நிறுத்தமாட்டனுங்க," என்றார் ஒடிசாக்காரர், காலை அப்படியே பாதியில் நிறுத்திக்கொண்டு. "ஆனா கெஸ்ட் இந்தியும் ஒண்ணு கேக்கோணும்."

டெக்னீஷியன் இந்தியும் கேட்டார். கால் பெடலுக்கு இறங்கியது. பிறகு, இந்தி தன் மொழி இல்லை என்று ஒடிசாக்காரருக்கு நினைவு வந்தது. ஒடியா ஒன்று போட்டோம். பீகார்க்காரர்கள் இருவர் போஜ்புரி கேட்டார்கள். ஹாஸ்டல் பெண்கள் அந்த ஏழு பையன்களைக் கேட்டார்கள்.

"அவிங்களுக்கு நாலு ஆச்சு. தமிழ் ஒண்ணே ஒண்ணுதானுங்களா?" என்றார் அக்கா.

யாரோ டெக்னீஷியனுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பிறகு டீ. பிறகு மதியச் சாப்பாட்டைத் தட்டில் வைத்து அங்கேயே கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து லேசாகக் குனிந்து நன்றி சொன்னார். அடுத்த தரப்பு அடுத்த பாட்டைச் சொன்னது. மாடியில் எம்ப்ராய்டரி ஆபரேட்டர் இரண்டு முறை படிக்கட்டில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறரைக்கு ஷிப்ட் முடியும்வரை மூன்றாம் லைனில் பாட்டுக்காக ஒரு மிஷினும் நிற்கவில்லை. மாடிப்படியே ஏறாத டெக்னீஷியன் அன்றிரவு அவிநாசி சாலையில் ஒரு லாட்ஜில் தங்கினார்.