ட்ரூஷே முதலில் வந்த நாள்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குளிர்நாட்டில், பூம்ப்ளிஸ் என்ற ஊரின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் ஞானேஸ்வரிக்கு வயது ஐம்பத்தெட்டு. தட்டில் சோறு மிஞ்சினால் அவருக்குப் பொறுக்காது. உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். பிடித்த மீனைத் துடிக்கவிடாமல் உடனே கொல்ல வேண்டும் என்று மீன்பிடிச் சான்றிதழ் வகுப்பில் சொல்லித் தந்ததை எல்லா மீனுக்கும் செய்வார். நாங்கள் ஃபொரெல்லே, சைப்ளிங் என்ற இரண்டு உயர்ந்த சாதி மீன்களுக்கு மட்டும் செய்வோம். மற்றவை பனியில் கிடந்து விறைக்கும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அன்று பிடிபடும் முதல் மீன் மத்தியானச் சொதிக்கு.

இந்தச் சனவரியில் மலை ஏரிக்குப் போனோம். வெகுநேரம் ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. திடீரென்று ஞானேஸ்வரியின் தூண்டில் வளைந்து துளையின் விளிம்பில் முட்டியது.

"பெரிசு! பெரிசு!" என்று கத்தினார்.

எல்லோரும் சறுக்கிக்கொண்டு ஓடினோம். ஓர்லிகோனில் கடை வைத்திருக்கும் மகேந்திரன் குப்புற விழுந்து, பனியை உடைக்கும் அலவாங்கால் துளையைப் பெருப்பித்தார். "விடாதேங்கோ அக்கா! ஃபொரெல்லேதான், என்ரை கடையிலை சத்தியம்!"

தண்ணீரில் தட்டையான தலையொன்று தெரிந்தது. நாடியில் ஒற்றை மீசை. பாம்பு போல வழுவழுத்த உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி.

மகேந்திரன் அலவாங்கைப் போட்டுவிட்டு எழும்பினார். "சீ, ட்ரூஷே! நூலை வெட்டிவிடுங்கோ." ட்ரூஷே ஏரியின் அடியில் கிடக்கும் மீன்; எங்கள் குழுவில் அதை ஒருவரும் தின்றதில்லை.

"தூண்டில் முள்ளு தொண்டைக்குள்ளை இருக்குது," என்றார் ஞானேஸ்வரி. " வெட்டிவிட்டால் கீழை கிடந்து சாகும்."

"அதுக்கு? இதையோ சொதி வைக்கப் போறியள்?"

"ஓம். முதல் மீன் எண்ட சட்டம் ஆற்றை? உங்கடைதானே."

"பாம்பை ஆர் தின்னுறது?" என்றார் குணசேகரம். பஸ் ஓட்டுநரான அவர் காலையிலிருந்து பசி என்று முனகியவர்.

"தின்னாதேங்கோ. பாண் இருக்கு."

மீன் மறுபடி கீழே இழுத்தது. மெல்லிய நூல் பனி விளிம்பில் உராய்ந்தது. இன்னொரு இழுப்புக்கு அது தாங்காது. ஞானேஸ்வரி கையுறையைக் கழற்றி எறிந்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். ட்ரூஷே விலாங்கு போல அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. சுற்றியபடியே அதைத் தூக்கி வெளியே எடுத்தார். தலையில் தடியால் ஓர் அடி. பிறகு செவுளில் கத்தி. துடிப்பு உடனே அடங்கியது.

அளந்து பார்த்தேன். அறுபத்து நான்கு சென்டிமீட்டர். அன்று என்னைத் தவிர ஒருவரும் கைதட்டவில்லை.

கரையில் அடுப்பு மூட்டினோம். ஞானேஸ்வரி மீனின் தோலைக் காலுறை கழற்றுவதுபோல் உரித்தார். வெள்ளைச் சதை, நடுமுள்ளைத் தவிர முள்ளே இல்லை. தேங்காய்ப்பால் கொதித்து வாசம் ஏறியதும் குணசேகரம் பாண் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிட்ட வந்தார். முதல் வாய்க்குப் பிறகு கோப்பையை மறுபடி நீட்டினார்.

மகேந்திரன் தள்ளி நின்றார். ஞானேஸ்வரி மீனின் பெரிய ஈரலை வெண்ணெயில் நன்றாகப் பொரித்து எடுத்தபோதுதான் அசைந்தார்.

"அக்கா, அது கொஞ்சம் கிடைக்குமோ?"

"நூலை வெட்டச் சொன்ன ஆளுக்கோ?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஞானேஸ்வரி அவருக்கு ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார். தின்றுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல், பக்கத்துத் துளையருகே பனியில் காலையில் தான் எறிந்த புழுவைத் தேடிப் போனார்.

"எங்கை போறியள்?" என்றார் ஞானேஸ்வரி.

"புழுவை ஏரியின்ரை அடியிலை போட்டால்தானே ட்ரூஷே கொத்தும்?" என்றார்.