ஆள் வராமல் வந்த வியாதிகள்

டாக்டர் தொழிலில் இருக்கிற ஒரே சௌகரியம், நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார் என்பதுதான். அதை நம்பித்தான் நானும் படித்துவிட்டு வந்தேன். அந்தச் சௌகரியத்தையும் செல்போன் பிடுங்கிக்கொண்டது. நீங்கள் மெக்கானிக்காக இருந்தால் என் பாடு புரியும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அது போடுகிற சத்தத்தை மட்டும் வாயால் போட்டுக் காட்டி, என்ன கோளாறு என்று கேட்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டெய்லராக இருந்தாலும் புரியும். ஆள் வராமல், "என் அளவுதான், கொஞ்சம் குண்டு" என்று துணியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உங்களுக்கும் உண்டு.

கீரமங்கலம் கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன கிளினிக். நான், நர்ஸ் செல்வி, ஒரு கட்டில், ஒரு டார்ச். பெரிய வியாதிக்கெல்லாம் ஜனங்கள் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். எனக்கு மிஞ்சுவது சொறி, படை, கண் சிவப்பு, காதில் சீழ், தொண்டை வலி. சில்லறை வியாதிதானே என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். இவையெல்லாம் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, டார்ச் அடித்துக் கண்டுபிடிக்க வேண்டியவை. அவற்றைத்தான் எங்கள் பக்கத்து ஜனங்கள் போனில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிற ஊர் இது. உடம்பு அங்கே, டாக்டர் இங்கே. படிக்கும்போது சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதன் கடைசியில் ஒரு மனுஷனின் வலது கண் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

படைக்குப் பங்காளிகள்

வளர்மதி ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவள். முதல் தடவை வந்தபோது டோக்கன் வாங்கி, முறை வரும்வரை காத்திருந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமில்லை என்றாள். வியாதி அவள் கணவன் அடைக்கலத்துக்கு. அவன் குவைத்தில் இரும்பு அறுக்கிற வேலை பார்க்கிறான். போனை நீட்டினாள். தொடையா, வயிறா, முதுகா என்று தெரியாத ஒரு தோல் பரப்பில் வட்ட வட்டமாகச் சிவப்பு. எந்த இடம் என்று கேட்டேன். வளர்மதி வெட்கப்பட்டாள். அதிலிருந்து நானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

படர்தாமரை. ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்ல முடியாது. அங்கேயே டாக்டரிடம் காட்டச் சொன்னால், லீவு தரமாட்டார்கள் என்றாள். போனால் போகிறது, தோல்தானே என்று களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் விடாமல் பூச வேண்டும், துண்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது, குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது என்று நூறு தடவை சொன்னேன். திருச்சியில் பிளேன் ஏறின யாரோ ஒருவர் பையில் மருந்து போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நாளில் வளர்மதி மறுபடி வந்தாள். போட்டோவில் வட்டங்கள் பெருத்திருந்தன. ஒரு மாதக் களிம்பு மூன்றே நாளில் தீர்ந்துவிட்டதாம். தங்கியிருக்கிற அறையில் எல்லாருக்கும் படை, இவன் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டான். அரைகுறையாகப் பூசினால் கிருமி சாகாது, வீம்புக்கு வளரும் என்று நான் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரே ரூம்ல எட்டுப் பேரு டாக்டரம்மா. அத்தன பேரும் சொறிஞ்சுக்கிட்டு நிக்கையில இவுக மட்டும் எப்புடிப் பூசுவாக? ஆளுக்குக் கொஞ்சமாவது கொறையட்டும்னு குடுத்துட்டாக."

சுற்றிக்கொண்டே இருந்த தொண்டை

அடுத்து அடைக்கலத்துக்குத் தொண்டை வலி. எச்சில் விழுங்க முடியவில்லை. தொண்டையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அதில் பல்லும் மீசையும்தான் தெரிந்தன. இதை வைத்து நான் என்ன செய்வது என்றேன். வளர்மதி யோசிக்கவே இல்லை, வீடியோ கால் போட்டுவிட்டாள். கிளினிக் நிறையக் கூட்டம். சந்தை நாள் வேறு.

அவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் இன்னொருவன் இன்னொரு போனில் டார்ச் அடித்தான். நான் வழக்கம்போல "ஆ சொல்லுங்க" என்றேன். அவன் சொன்னானோ இல்லையோ, வெளியே பெஞ்சில் இருந்த ரெண்டு பிள்ளைகள் "ஆ" என்றன. டான்சில் தெரியப்போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றது. திறந்த வாய், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வளர்மதி போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், வாசலுக்குப் போனாள், பின்னாலேயே டார்ச்சோடு நான். எம்.பி.பி.எஸ். படித்தது இதற்கா என்று எனக்கே அழுகை வந்தது. காலில் சேற்றுப்புண்ணோடு காலையிலிருந்து காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிட்டு வாயி மூடுறதுக்குள்ள இங்கிட்டு எங்காலப் பாத்து அனுப்பிருங்க தாயி. நான் ஆளாவே வந்திருக்கேன்."

பஞ்சு மட்டும் போதும்

குவைத்தில் இருக்கிறவனையாவது மன்னிக்கலாம். நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறவர்களை என்ன செய்வது? ஒரு அம்மா தன் மகளின் கையில் இருக்கிற வெளுத்த திட்டை போனில் கொண்டுவந்து காட்டினார். பெண் வீட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோல் வியாதிக்கு டாக்டரிடம் வந்ததை யாராவது பார்த்துவிட்டால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று அழைத்துவரவில்லை. வியாதி பரவுவதைப் பற்றிப் பயமில்லை, பேச்சு பரவுவதில்தான் பயம்.

வெளுத்த திட்டு வெறும் தேமலாக இருக்கலாம். தொழுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் பஞ்சால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு உணர்ச்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லையென்றால் சீக்கிரமே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் முழுசாகக் குணமாகிவிடும். போட்டோவைத் தொட்டால் போட்டோவுக்கா உணர்ச்சி வரும்? இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். பிறகு ஒரு வழியாக அந்தப் பெண் வந்ததும், அது தேமல்தான் என்று தெரிந்ததும் வேறு விஷயம். அன்றைக்கு அந்த அம்மா கையை நீட்டிக் கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை:

"அந்தப் பஞ்ச மட்டும் குடுங்க. நானே போயித் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லிர்றேன்."

யார் காது?

அடைக்கலத்துக்குக் காதில் இரைச்சல். வளர்மதி தன் காதைத் தொட்டு, இங்கே வலிக்கிறது, இப்படித் தாடையை அசைத்தால் குத்துகிறது என்று அவனுக்காக வலித்துக் காட்டினாள். காதுக்குள் செவிப்பறை இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது தெரியுமா என்று ஆத்திரத்தில் கருவியை எடுத்து அவள் காதிலேயே வைத்துக் காட்டினேன். பிறகு தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சீழ் வந்தால் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று அனுப்பினேன். நான் குனிந்து அவள் காதுக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. செல்வி பின்னால் நின்று சொன்னாள்:

"இந்தக் காது நல்லாத்தான் இருக்கு டாக்டர். வலிக்கிற காது வெளிநாட்டுலல்ல இருக்கு."

கண்ணுக்கு மாட்டேன்

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், கிளினிக் திறக்கும்போதே வளர்மதி வாசலில் நின்றாள். போனில் அடைக்கலத்தின் வலது கண். கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. முதல் நாள் இரும்பு அறுக்கும்போது ஏதோ தெறித்திருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தானாம், வேர்வையில் அது நழுவி மூக்கில் கிடந்ததாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருவிழியில் ஒரு புள்ளி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

இரும்புத் துணுக்கு கருவிழியில் உட்கார்ந்திருந்தால் அதைக் கண் டாக்டர்தான் எடுக்க வேண்டும். சொட்டு மருந்து அதை எடுக்காது. நான் பேனாவைத் தொடவே இல்லை. இன்றைக்கே, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றேன். நாளைக்கு ஊர்க்காரர் ஒருவர் குவைத் போகிறார், கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால் அவரிடம் கொடுத்துவிடலாம் என்று அவள் மன்றாடினாள். மருந்து போய்ச் சேருவதற்குள் கண் போய்விடும் என்று நான் மேஜையைத் தட்டினேன். அவள் எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"தோலுக்குப் பாத்தீங்க, தொண்டைக்குப் பாத்தீங்க, காதுக்கும் வழி சொன்னீங்க. கண்ணுக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா மாட்டேங்குறீங்க?"

அங்கேயும் அதே கதைதான்

அடுத்த வாரம் வந்தாள். என்மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போட்டோவில் சிவப்பு குறைந்திருந்தது. கருவிழியின் நடுவில் ஒரு சொட்டுப் பால் சிந்தின மாதிரி வெள்ளை. கருவிழி புண்ணாகியிருந்தது. நான் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி நானே அவனைக் கூப்பிட்டேன். கண் என்றால் உனக்கு அவ்வளவு இளக்காரமா, சொன்ன அன்றைக்கே ஏன் போகவில்லை, பெண்டாட்டியைத் தூது அனுப்பினால் கண் தெரிந்துவிடுமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் திட்டி முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மெதுவாகச் சொன்னான். சொன்ன அன்றைக்கே போர்மேனிடம் போயிருக்கிறான். போர்மேன் தன் போனில் அவன் கண்ணை ஒரு போட்டோ எடுத்து, கம்பெனி டாக்டருக்கு அனுப்பியிருக்கிறார். அந்த மகராசன் டவுனில் உட்கார்ந்துகொண்டு, போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு மருந்தின் பெயரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். ரெண்டு நாளில் சிவப்பு அடங்கியிருக்கிறது. அடைக்கலமும் சந்தோஷமாக வேலைக்குப் போயிருக்கிறான். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். ஸ்டீராய்டு கலந்த மருந்து. அடிபட்ட கருவிழியில் இரும்பு இருக்கும்போது அந்த மருந்தை விட்டால், வெளியே சிவப்பு அடங்கும், உள்ளே புண் அரிக்கும்.

நான் போட்டோவைப் பார்க்கிறேன் என்றால் நடுவில் கடல் இருக்கிறது. அந்தக் கம்பெனி டாக்டருக்கு நடுவில் என்ன இருந்தது? காரை எடுத்தால் வந்துவிடுகிற தூரம். ஆள் அங்கேயே நிற்கிறான், கண் அவன் முகத்திலேயே இருக்கிறது, அதையும் போட்டோவில் பார்த்தால் அவனெல்லாம் ஒரு டாக்டரா? நீயே கிளம்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று அடைக்கலத்திடம் சொன்னேன். பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் கையில் இருக்கிறது, சொல்லாமல் தங்கியிருக்கிற கேம்ப்பை விட்டு வெளியே போனால் ஓடிப்போனவன் என்று கேஸ் எழுதிவிடுவார்கள் என்றான். அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னான்:

"நேர்ல போகணும்னா அவங்க வண்டி விடணும் டாக்டரம்மா. போட்டோவுக்கு வண்டி வேணாம்ல."

அடைக்கலம் வந்தான்

வளர்மதி அழுதுகொண்டு உட்காரவில்லை. அறந்தாங்கியில் அவனை அனுப்பிவைத்த ஏஜெண்ட் வீட்டுக்கு ரெண்டு பிள்ளைகளோடு போனாள். வாசலில் உட்கார்ந்தாள். யார் என்ன கேட்டாலும், போனில் இருக்கிற கண்ணைக் காட்டி, இவரை நம்பித்தான் அனுப்பினேன் என்று சொன்னாள். வெளிநாடு போக விசாரிக்க வந்தவர்களெல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். பிழைப்பு போகிறதே என்று ஏஜெண்ட் போன் போட்டதும், லீவே கிடையாது என்று சொன்ன கம்பெனியிலிருந்து ரெண்டே நாளில் பாஸ்போர்ட் வெளியே வந்தது. இதை முதல் நாளே கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருப்பார்கள் என்று யாராவது எனக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பிளேன் இறங்கினவனை நேராக மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரும்பை எடுத்தார்கள், புண்ணை ஆற்றினார்கள். தழும்பு கருவிழிக்கு நடுவில் நின்றுவிட்டது. யாராவது கண் தானம் செய்து, முறையும் வந்தால் மாற்றி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் வளர்மதியோடு கிளினிக்குக்கு வந்தான். அவன் தோல், தொண்டை, காது எல்லாம் எனக்குத் தெரியும், முகத்தைத்தான் அன்றைக்குப் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிட உயரம். கூச்சப்பட்டு ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் இடது கண்ணை என் கையால் மூடி, எதிர்ச் சுவரைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவன் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"காலண்டர் இருக்கிறது தெரியுது டாக்டரம்மா. தேதிதான் தெரியல."

நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதாதே என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள், தொட்டுப் பார்ப்பதற்கு அவனை யாரிடம் கேட்டு வாங்கி வர வேண்டும் என்பதை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டார்கள்.