விறகு லாரியில் வந்த ஆமைக்குஞ்சு

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு; என் மனைவி அதில் முதல் ஆள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து வாட்டும் மாடியில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வேறு என்ன குணம் வரும்? கொழுந்து நனையவே இல்லை என்று பறித்தவர்கள் சொல்வார்கள். வழியில் மழையே இல்லை என்று ஏற்றி வந்தவன் சொல்வான். நான் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன், விரலெல்லாம் ஈரமாகும். காற்றின் ஈரத்தை அறிய மாடியில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் அடியில் மட்டும் நனைத்த துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் அளவு விலகியிருந்தால் காற்று உலர்ந்திருக்கிறது, நிம்மதி. நெருங்கி வந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஈரம் இருந்தால் கொழுந்து வாடாது, தேயிலைத் தூள் கெட்டுப்போகும், தோட்டத் துரையிடம் ஏச்சு வாங்க வேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள், தொழிற்சாலை அடுப்புக்கு வெல்லவாயப் பக்கமிருந்து விறகு லாரி வந்தது. கட்டைகள் காய்ந்தவையா என்று தட்டிப் பார்ப்பது யாரும் கேட்காமல் நானாகச் செய்கிற வேலை. கட்டைகளுக்கு நடுவே, பட்டைத் தூளில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஆமைக்குஞ்சு ஒன்று கிடந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. தனக்கு ஒன்றுமே தெரியாது என்று லாரிக்காரன் சொன்னான். எங்கோ விற்பதற்காக மறைத்துக் கொண்டுவந்திருப்பான் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. கீழ்நாட்டு வெயிலில் பிறந்தது எங்கள் பனியில் ஒரு கிழமை தாங்காது என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் ஒரே மகள் கொழும்புக்கு வேலைக்குப் போய் வீடு வெறிச்சென்று கிடந்த நேரம் அது. இந்தக் குஞ்சு சாகக் கூடாது என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக நிற்கும் காம்பிராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள். எங்களுக்கு அடுத்த காம்பிராவில் ஒரு பெண் இருந்தாள். முதுகு வலியால் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். பையிலிருந்து ஆமையை எடுத்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, அத வீட்டுக்குள்ள கொண்டுபோகாதீங்க. ஆமை வந்த வீட்டுக்கு நல்லதில்ல."

"நல்லது கெட்டது எனக்குத் தெரியும், தங்கச்சி," என்றேன். அன்றே அவள் மேல் ஒரு சந்தேகக் கண் வைத்தேன்.

பதுளைக்குப் போய்ப் பழைய மாதிரி சூடேறும் குண்டு பல்பு தேடினேன். இப்போது அது லேசில் கிடைப்பதில்லை. ஒரு முஸ்லிம் நானா தன் கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். "கோழிக்குஞ்சுக்கா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் ஆமாம் என்று பொய் சொல்லி வைத்தேன். பலகைப் பெட்டி செய்து, ஒரு மூலையில் பல்பைத் தொங்கவிட்டு, அடியில் உலர்ந்த மரத்தூள் பரப்பினேன். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரண்டு வெப்பமானிகளையும், ஒன்றில் நனைத்த துணி சுற்றி, அதற்குள் மாட்டினேன். பல்புக்கு அடியில் முப்பது பாகை, எதிர் மூலையில் கொஞ்சம் குறைவு. உலர்ந்த வெப்பமானியும் துணி சுற்றியதும் காட்டிய அளவுகள் நன்றாக விலகி நின்றன. வெளியே மூடுபனி சுவரெல்லாம் வழிந்துகொண்டிருக்க, என் பெட்டிக்குள் மட்டும் அப்பளம் காயப் போடலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ஏமாறவில்லை. வெலிமடையிலிருந்து வரும் முட்டைக்கோவாவும் கரட்டும் மருந்தடித்தவை என்று தொடவிடவில்லை. தேயிலை மலையில் புல்லுக்கும் மருந்தடிப்பார்கள் என்பதால், கோயிலுக்குப் பின்னால் மருந்துக்காரர்கள் போகாத சரிவில் மட்டும் புல்லும் வல்லாரையும் கிள்ளி வந்தேன். செவ்வரத்தை இலையைக் கழுவி, துடைத்து, ஈரம் போனபிறகுதான் வைப்பேன். தண்ணீர்த் தட்டு வைக்கவே இல்லை. போனில் ஒரு வீடியோவில் ஒருவன், குஞ்சு ஆமைக்கு ஈரம் வேண்டும், தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட வேண்டும் என்று பேசினான். மடுல்சீமை ஈரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று பாதியிலேயே மூடிவிட்டேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் தின்றது. பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மரத்தூளில் ஒரு ஓரம் நனைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு வெப்பமானிகளும் நெருங்கி வந்திருந்தன. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். மனைவியைக் கேட்டேன்.

"நான் காலையில கொழுந்து பறிக்க மலைக்குப் போனா சாயங்காலந்தான் வர்றேன். எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி மூடியின் குறுக்கே கறுப்பு நூல் ஒன்றை ஒட்டிவைத்தேன். சாயங்காலம் நூல் அறுந்து கிடந்தது. மறுநாள் மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வேளைக்கே இறங்கி வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுத்த காம்பிராக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே எனாமல் தட்டில் தண்ணீர், அதற்குள் என் ஆமை.

"தண்ணியில என்னத்தக் கலந்த?"

அவள் பயந்துபோய் எழுந்தாள். "ஒண்ணும் கலக்கல அண்ணே. வெறும் வெந்நி. கண்ணு உள்ள போயிருக்கு பாருங்க. தாகத்துல கெடக்கு. உங்க வீட்டு அக்காதான் சாவி குடுத்துச்சு."

"வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்னவ நீ. இப்ப மட்டும் என்ன பாசம்?"

"வந்ததே நல்லதில்லதான். இங்கயே செத்துப்போச்சுன்னா லயத்துக்கே கெடுதல். எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு அண்ணே."

நான் தட்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. வாடை இல்லாத விஷமும் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. வாசலில் நாலு பேர் கேட்கும்படி அவளைத் திட்டி அனுப்பினேன். மனைவியிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன். பெட்டிக்கும் பூட்டுப் போட்டேன்.

நாலு நாள் போனது. வெப்பமானிகள் இரண்டும் எனக்குப் பிடித்த மாதிரியே விலகி நின்றன. ஆமை வாயைத் திறக்கவில்லை. கண்கள் ஒட்டிக்கொண்டன. உள்ளங்கையில் வைத்தால், நாள் முழுக்க வாட்டிய கொழுந்து மாதிரி கனமில்லாமல் இருந்தது. அவள் முன்பே கொடுத்த விஷம் இப்போதுதான் வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, அதை டாக்டர் வாயால் கேட்பதற்காகவே துணியில் சுற்றிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

மிருக வைத்தியர் ஒரு அம்மா. ஆமையைத் திருப்பிப் பார்த்தார், காலை மெல்ல இழுத்துப் பார்த்தார். என்ன கொடுத்தேன், எங்கே வைத்திருந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விஷம் என்றேன்.

"விஷமெல்லாம் இல்ல ஐயா. சூடு சரியா வச்சிருக்கீங்க. தீனியும் சரி, முட்டை ஓட்ட மட்டும் பொடி பண்ணித் தூவுங்க. ஆனா ஈரம் சுத்தமா இல்ல. வளந்த ஆமைன்னா ஓரளவு தாங்கும். குஞ்சு தாங்காது. சூட்ட மட்டும் குடுத்துக்கிட்டிருந்தா உள்ளுக்குள்ள காஞ்சு போயிரும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாள் இருந்ததே அதிசயம். யாராவது தண்ணியில விட்டாங்களா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு," என்றேன். "நான்தான் நிறுத்திட்டேன்."

அவர் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். காலையிலும் மத்தியானமும் கழுத்தளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விடச் சொன்னார். பெட்டியில் மரத்தூளை எடுத்துவிட்டு நனைத்த தேங்காய் நார்த் தும்பு போடச் சொன்னார். இது பாதுகாக்கப்பட்ட பிராணி, தேறியதும் வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஆமை பிழைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் தட்டில் விட்டதும் அசையாமல் கிடந்தது. பிறகு கழுத்தை நீட்டி, மூக்கு வரை தண்ணீரில் அமிழ்த்திக் குடித்தது. நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அடுத்த இரண்டு வாரமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஓட்டமும் நடையுமாக வந்து அதைத் தண்ணீரில் விட்டேன். செவ்வரத்தைப் பூவைக் கண்டால் ஓடிவரும் அளவுக்குத் தேறியபின் கொண்டுபோய் ஒப்படைத்தேன்.

நான் அப்படி ஓடியிருக்கவே வேண்டாம்; பக்கத்திலேயே ஆள் இருந்தது. ஆமை தண்ணீர் குடித்த அன்றே அடுத்த காம்பிராவுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"நான் பேசினது தப்பு தங்கச்சி. மத்தியானம் மட்டும் நீ வந்து தண்ணியில வச்சு எடுத்திரு. சாவி தர்றேன்."

அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. "வேண்டாங்க அண்ணே."

"அதான் தப்புன்னு சொல்றேனே."

"அது செத்துறக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு. ஆனா நாளைக்கு நான் தண்ணியில விட்டு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் எதையோ கலந்துட்டேன்னுதான் சொல்லுவீங்க. சொல்லமாட்டீங்களா?"

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சொல்லமாட்டேன் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். நான் அதைச் சொல்லாமல் சாவியை மட்டும் நீட்டினேன். அந்த நேரத்திலும், அன்றைக்குத் தட்டிலிருந்தது வெறும் வெந்நீர்தானா என்று மனசின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.