ஊறுகாய்ப் பேட்டி

பதினாறு வயதில் எனக்குக் கால்பந்து ஆடத் தெரிந்ததைவிடக் குறை சொல்லத் தெரிந்தது அதிகம். பந்தில் காற்று இல்லை என்பேன். காற்று அடித்துக் கொடுத்தால் கல் மாதிரி இருக்கிறது, கால் வலிக்கிறது என்பேன். எனக்குக் கொடுத்த பனியன் முழங்கால் வரை தொங்கியது. இடைவேளையில் பழம் கொடுத்தால் கன்றிப்போனது என் கைக்குத்தான் வரும். எங்கள் மைதானம் தேவனாம்பட்டினம் பக்கம், கடலுக்கு அருகில் இருந்தது. நான் எந்தப் பக்கம் ஓடினாலும் காற்று எதிரில்தான் வீசுகிறது என்று ஒருநாள் சொன்னேன். கோல் காக்கும் எங்கள் கோலி அதைக் கேட்டுவிட்டு, "கடலையே நவுத்தி வெக்கச் சொல்லுவா போலருக்கு" என்றாள்.

சுனாமி வந்துபோய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கடலூரில் பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு பந்து உதைப்பது அதற்குள் பழகிப்போயிருந்ததால் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. எங்கள் அணிக்கு ஒரு பி.டி. சார் இருந்தார். பள்ளிக்கூட வேலை முடிந்து, நேரம் கிடைத்தால் வருவார். மற்றபடி எல்லாமே கேப்டன் அக்காதான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிடக் குட்டை. ஆனால் நடுவில் நின்று அவள் "வுடாத" என்று கத்தினால் எதிரணிப் பெண்களே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

அவள்மேல் எனக்கு இருந்த பெரிய குறை இதுதான். போன வருடம் வரை நான் ஃபார்வர்டு. கோல் போடுகிற இடம், எல்லோரும் பார்க்கிற இடம். இந்த வருடம் அவள் என்னை லெஃப்ட் பேக்கில், அதாவது பின்னால் இடது ஓரத்தில், கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அங்க ஆள் வேணும்" என்பாள், அவ்வளவுதான். சாரிடம் போய்ச் சொன்னேன். "ஃபீல்டுல கேப்டன் சொல்றதுதான். என்னை இழுக்காத" என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோலியிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு டீச்சரிடம்கூடச் சொன்னேன். அவர் புவனகிரிக்குப் போகிறவர். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

மாவட்டப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் சிதம்பரத்தில் நடந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள்தான் முன்னால் இருந்தோம். முடிய கால் மணி நேரம் இருக்கும்போது அக்கா என்னை வெளியே அனுப்பிவிட்டாள். என் இடத்தை விட்டுவிட்டு நான் இரண்டு முறை முன்னால் ஓடிப்போனதுதான் காரணம். கோட்டுக்கு வெளியே வந்து, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் கழுத்தில் கேமரா தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். பகுதி நேரமாக ஒரு பத்திரிகைக்கு மாவட்டச் செய்தி அனுப்புகிறவர். தேர்த் திருவிழா, குடிநீர்க் குழாய் உடைப்பு, லாரி கவிழ்ந்தது என்று எழுதி வந்தவரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கால்பந்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஏம்மா, இந்த ஆஃப் சைடு ஆஃப் சைடுங்குறாங்களே, அது என்னா?" என்று கேட்டார்.

இரண்டு கூழாங்கல்லை வைத்து விளக்கினேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு, "நீ ஏன் வெளிய உக்காந்துருக்க?" என்றார்.

வருடம் முழுக்க நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. ஆரம்பித்துவிட்டேன். ஃபார்வர்டு, லெஃப்ட் பேக், பனியன், பழம், பாஸ் வராதது எல்லாம். அவர் எழுத ஆரம்பித்ததைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் இன்னும் தெளிவாக, அவர் எழுதும் வேகத்துக்குத் தகுந்தபடி பேசினேன். கடைசியில், "எலையில ஊறுகா வெப்பாங்கல்ல, அந்த மாதிரி என்னைய ஓரமா வெச்சிருக்காங்கண்ணே" என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். "ஊறுகாயா?"

"ஆமா."

அதன் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலைப் பத்திரிகையில் மூன்று காலம், அதாவது மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்பு: "ஊறுகாய் போல ஓரத்தில் வைக்கிறார்கள்: கால்பந்து வீராங்கனை கண்ணீர்." நான் அழவே இல்லை. நாங்கள் ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போகிறோம் என்பது கடைசி வரியில் இருந்தது. நடுவில் ஒரு படம். இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கும் கேப்டன் அக்காவின் படம். அதன் கீழே என் பெயர்.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐயோ, அக்காவைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டோமே என்று தோன்றவில்லை. மூன்று காலம் வந்தும் என் படம் வரவில்லையே என்றுதான் தோன்றியது.

அப்பாவுக்கும் அதே வருத்தம். அவர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தேர்வு விண்ணப்பத்துக்கு எடுத்ததில் மிச்சமிருந்த என் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்தார். அக்காவின் முகத்தின்மேல் அதை ஒட்டினார். மெஷினில் வைத்து அழுத்தினார். பிசிறில்லாமல் வந்தது. ஒன்றைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். மற்ற நகல்களை, ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் நகல் எடுக்க வருகிறவர்களுக்கு அவர்கள் காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார்.

"அவ யாரையோ குறை சொல்லியிருக்கா. அதப் போயி ஊரெல்லாம் குடுக்குறீங்களே" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னா வேணா சொல்லட்டும். மூணு காலம் வந்துருக்கு பாரு" என்றார் அப்பா.

அன்று மாலை பயிற்சிக்குப் போகாமலிருக்க வயிற்றுவலி, தலைவலி என்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லும் வலிகளை வீட்டில் யாரும் நம்புவதில்லை. மைதானத்துக்குப் போனால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கேப்டன் அக்கா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அன்றைய பத்திரிகை. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் ஜெராக்ஸ்.

போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்காக, மதியம் சான்றிதழ் நகல் எடுக்கப் போயிருக்கிறாள். போனது எங்கள் கடை. பத்திரிகைப் படத்தில் கண்ணை மூடியிருந்த பெண்தான் எதிரில் நிற்கிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. "எம் பொண்ணும்மா" என்று அவளுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்.

"ஒங்கப்பா நல்ல மனுசன்டி. ஒக்கார வெச்சி, டீ வாங்கிக் குடுத்து, படிச்சிக் காட்டுனாரு" என்றாள் அக்கா.

பத்திரிகைத் தலைப்பில் விரலை வைத்தாள்.

"ஊறுகாயா?"

"வாய் தவறி வந்துடுச்சிக்கா."

"மூணு காலத்துக்கா வாய் தவறும்?"

கோலி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"காலையிலேருந்து போனு. எங்க அத்தை பேரப் பாக்கல, படத்தத்தான் பாத்துருக்கு. யாருடியம்மா ஒன்னைய ஓரமா வெச்சதுன்னு அழுவுது. நான்தான் கேப்டன், என்னைய யாரு ஓரமா வெக்கறதுன்னு சொன்னா, மறைக்காத சொல்லுங்குது. அதுல கண்ணு வேற மூடியிருக்கு." பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "சைக்கிள்ல ஏறு. ஸ்டுடியோவுக்குப் போவோம்."

அவள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்தேன். கெடிலம் பாலம் ஏறினோம். பாலத்தின் நடுவில், மூச்சு வாங்க, அவள் பேசினாள்.

"ஃபைனல்ல நம்மகூட மோதப்போற சிதம்பரம் டீமுல ஏழாம் நம்பர் பொண்ணு ஆடுறத பாத்தியா? காத்து மாதிரி வரா. அவகூட ஓட நம்மள்ள ஒன்னைய வுட்டா ஆள் இல்ல. அதுக்குத்தான் லெஃப்ட் பேக்கு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

கொஞ்ச தூரம் மிதித்தாள். "சொல்லியிருக்கலாம்தான். சொன்னா நீ ஜாஸ்தி ஆடுவேன்னு நெனச்சேன்."

"ஆடத்தானக்கா கூப்புட்ட?"

சைக்கிள் ஆடியது. அவள் சிரித்ததில் இரண்டு பேரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் முட்டப் பார்த்தோம்.

நிருபர் அண்ணன் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தான் எழுதியதைப் பாராட்டத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அக்கா பத்திரிகையை விரித்துக் காட்டி, படம் மாறிப்போனதற்குத் திருத்தம் போட வேண்டும் என்றாள்.

"போட்டுடலாம்மா. ஆனா வெறும் திருத்தம்னா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. நியூஸா இருந்தா எடுப்பாங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் இப்ப தகராறு தீந்துடுச்சா, தீரலையா?"

"தகராறே இல்லண்ணே."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்புடியாம்மா?"

"தகராறு இல்லண்ணே. ஆனா பாஸ் மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அக்காவின் ஷூ என் கால் விரலை அழுத்தியது. மீதியை விழுங்கினேன்.

அருவி வரைந்த திரைக்கு முன்னால் ஸ்டூலில் அக்காவை உட்காரவைத்து அவர் படம் எடுத்தார். கண்ணைச் சிமிட்டிவிடக்கூடாது என்று அவள் அகலத் திறந்து வைத்திருந்ததில், பேய் பார்த்தவள் மாதிரி வந்திருந்தாள். புதன்கிழமை அந்தப் படத்தோடு செய்தி வந்தது: "யாரையும் ஊறுகாயாக வைக்கவில்லை: கேப்டன் மறுப்பு." திங்கட்கிழமைச் செய்தியைப் படிக்காமல் விட்டவர்களெல்லாம் இப்போது அது என்ன ஊறுகாய் என்று தேட ஆரம்பித்தார்கள். அப்பா கடையில் நகல் கையிருப்பு இருந்தது.

இறுதிப் போட்டியும் சிதம்பரத்தில்தான். கோட்டுக்கு வெளியே நின்ற பையன்களுக்கு எங்களில் யார் ஊறுகாய் என்று தெரியவில்லை. அதனால் யார் காலுக்குப் பந்து வந்தாலும் "ஊறுகா, ஊறுகா" என்று கத்தினார்கள். கோலி பந்தைப் பிடித்தபோதும் கத்தினார்கள். எங்கள் ஃபார்வர்டு ஒருத்தி கோபத்தில் பந்தை விட்டுவிட்டு அவர்களை முறைக்கப் போய்விட்டாள்.

ஏழாம் நம்பர், அக்கா சொன்னதைவிட வேகம். முதல் பத்து நிமிஷம் அவள் முதுகைத்தான் பார்த்தேன். பிறகு, அவள் கிளம்பும் முன் இடது தோளைக் கொஞ்சம் இறக்குகிறாள் என்று கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு அவள் போகும் இடத்தில் நான் முதலில் இருந்தேன். யாரும் பார்க்காத மூலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருமுறை அவளிடமிருந்து பந்தை எடுத்தபோது, "யப்பா, வுடவே மாட்டியா?" என்றாள். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. பேப்பரில் வரவில்லை.

முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. யாரும் கோல் போடவில்லை. பந்து என் காலுக்கு வந்தது. முன்னால் திறந்த வெளி. "நில்லுடி" என்று அக்கா கத்தியது நன்றாகக் கேட்டது. நான் நிற்கவில்லை. இரண்டு பேரைத் தாண்டினேன். எதிரில் அவர்களுடைய கோலி மட்டும்தான். வலப்பக்கம் எங்கள் ஆள் ஒருத்தி தனியாக நின்று கையை ஆட்டினாள். அவளுக்குத் தள்ளியிருந்தால் கோல். நானே அடித்தேன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவர்கள் அதை நீளமாக உதைத்தார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஏழாம் நம்பர் தனியாக நின்றிருந்தாள். அக்கா குறுக்கே ஓடி விழுந்து தடுக்கப் பார்த்தாள். கணுக்கால் மடங்கியதுதான் மிச்சம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

விசில் ஊதியதும் நிருபர் அண்ணன் நோட்டோடு வந்துவிட்டார். அக்கா புல்லில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"அந்த லெஃப்ட் பேக்கு ஏம்மா மேல போச்சு? அதனாலதானே கோல் வாங்குனீங்க?"

"நான்தான் போவச் சொன்னேன். கோல் வேணும்ல" என்றாள் அக்கா.

ஊரில் இருக்கும் எல்லோர் மேலும் குறை சொன்னவள் நான். ஆனால் அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "பொய்ண்ணே. நில்லுன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் போனேன்."

"இவ சின்னப் பொண்ணு, ஒன்னும் தெரியாதுண்ணே. நான்தான்னு எழுதிக்குங்க."

"இல்லண்ணே, நான்தான்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். "போன வாரம் சண்ட போட்டீங்க, எழுதுனேன். இப்ப தப்ப எம்மேல போடு எம்மேல போடுங்குறீங்க. இத எவன் எடுப்பான்?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் செய்தி இரண்டே வரி. ஒருவர் பெயரும் இல்லை.

திரும்பும் பேருந்தில் அக்கா காலை நீட்ட இடம் வேண்டுமென்று என் மடியில் வைத்துக்கொண்டாள். சிதம்பரம் தாண்டியதும் பேச ஆரம்பித்தாள். நடுவர் சரியில்லை. சார் பாதி ஆட்டத்தில்தான் வந்தார். கோலி வாயைத் திறந்து கத்துவதே இல்லை. கம்பத்தில் அடித்தாயே, பக்கத்தில் நின்றவள் கண்ணுக்குத் தெரியவில்லையா. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பாள் போல. கடலூர் முதுநகர் வரும்வரை நிறுத்தவில்லை. நான் ஐஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் அவளுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. கோலி கேப்டன் ஆனாள். முதல் நாளே என்னை ஃபார்வர்டு ஆக்கினாள். முதல் ஆட்டத்தில் எனக்குப் பந்தே வரவில்லை. கணுக்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது, வெயில் கண்ணில் அடித்தது, புது பனியன் அக்குளில் இறுக்கியது. பேருந்து நிலையத்தில் நின்று எல்லாவற்றையும் நாலு எஸ்.எம்.எஸ்.ஸாக அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "டூட்டியில இருக்கேன்டி. மீதிய ஞாயித்துக்கெழமை சொல்லு."