மாலைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்

போன தை மாதம் நடந்தது இது. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் வழியில், மார்க்கெட் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரு சின்ன ஆலையில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருக்கிறேன். அழுகின தக்காளி வாடை துணியோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

ஆலையில் உயரமான இரும்புக் கலன் ஒன்று உண்டு. அதற்குள் வாயுவை அதிக அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். கழுவின தண்ணீர் அடியில் தேங்கி, பக்கத்தில் இருக்கும் அழுத்தம் குறைந்த தொட்டிக்குப் போகும். கலனின் அடியில் எப்போதும் ஓரளவு தண்ணீர் நின்றாக வேண்டும். வற்றிவிட்டால் வாயு மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் பாயும். தொட்டி தாங்காது, வெடித்துவிடும்.

அந்தத் தண்ணீர் பாய்கிற வேகம் முன்பெல்லாம் ஒரு வால்வில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. வால்வுக்குப் பதில் ஒரு டர்பைனை வைத்தால் கரண்ட் எடுக்கலாம் என்று எங்கள் மெயின்டனன்ஸ் அண்ணன் முதலாளியிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கினார். முதல் ஓட்டத்திலேயே கோளாறு வந்தால் திரும்பவும் பழைய வால்வுதான் என்பது முதலாளியின் நிபந்தனை.

ஓட்டத்துக்கு முன்னால் பூஜை. நம் பக்கம் புது மோட்டாருக்கே சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்ச் போடமாட்டோமே! டர்பைனுக்கு வைத்தோம், கலனுக்கு வைத்தோம், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயையும் விடவில்லை. பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த செவ்வந்தி மாலையை அண்ணன் தன் கையாலேயே அந்தக் கண்ணாடி மேல் சாத்தினார். புதுச் சட்டை வேறு. அன்றைக்கு அவர் கால் தரையில் பாவவில்லை.

டர்பைன் ஓடியது. முதலாளியும் அவர் சொந்தக்காரர்களும் கை தட்டினார்கள். நான் உள்ளே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலனின் தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கியது. டர்பைன் அளவுக்கு மீறி இழுக்கிறதோ என்று பயந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மட்டம் இறங்குது. கண்ணாடில எம்புட்டு இருக்கு?"

"சந்தனமா அப்பிக் கெடக்கு தங்கச்சி, ஒண்ணும் தெரியல. செத்த நேரம் பொறு, மாலைய எடுத்துத் தொடச்சுப் பாத்துச் சொல்றேன்."

ஜன்னல் வழியே பார்த்தேன். அந்தத் தொட்டியின் நிழலில், கழிவு பிரிக்கும் அக்காக்கள் உட்கார்ந்து பூஜைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டேன். மொத்த ஆலையும் நின்றது.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்தபோது தண்ணீர் பாதிக்கு மேலேயே நின்றது. மட்டத்தை அளந்து ஸ்கிரீனுக்கு அனுப்பும் கருவியின் குழாயில் கசடு அடைத்து, தப்பாகக் காட்டியிருக்கிறது. டர்பைன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அண்ணன் எடுத்துச் சொன்னார், நானும் கெஞ்சினேன்.

"பூச போட்ட அன்னைக்கே நின்னுபோச்சுல்ல? ராசியில்லப்பா. வால்வையே மாட்டுங்க" என்று முதலாளி காரில் ஏறிவிட்டார்.

அண்ணனே டர்பைனைக் கழற்றி, சாக்குப் போட்டு மூடினார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். "அங்கன பொம்பளைக உக்காந்திருந்தாகள்ல? நீ செஞ்சதுதான் சரி தாயி. நானா இருந்தாலும் அமுக்கிருப்பேன்" என்றார். கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டார். போன் செய்தால் நன்றாகத்தான் பேசுகிறார். டர்பைன் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

ஆலையில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. மறுபடி அப்படியொரு நிமிஷம் வந்தாலும் நான் அமுக்கத்தான் செய்வேன். தப்பு செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். சரியானதைச் செய்து ஒரு மனிதரின் ஆசைக்கு முடிவு கட்டியதற்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.