சாட்சிக்குப் போர்த்திய பொன்னாடை

“சாட்சி எண் மூன்று. வயது சுமார் அறுபது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். தேதிகள் நினைவில்லை. அடிக்கடி அழுவார்.”

புனேயின் ஒரு சட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் மாதிரி சர்வதேச நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் அச்சடித்த குறிப்பு இது. ஆரோக்கியமேரிக்கு வயது ஐம்பத்திரண்டு. மன்னார்ப் பக்கம் பதினான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். மண்டபம் அகதி முகாமில் சில வருடம் கழித்து, புனேயின் கட்கிப் பகுதித் தமிழ்க் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, இப்போது அங்கே டியூஷன் எடுக்கிறாள். குறிப்பை வாங்கிப் படித்தவள் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

இலங்கைப் போரின் கடைசி வாரங்களில், சோதனைச் சாவடிகளில் ராணுவத்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப் போகப்பட்ட அவளுடைய மாணவர்கள் பதினேழு பேர் திரும்பவில்லை. அந்தப் பெயர்களை அவள் அனுப்பாத அலுவலகம் இல்லை. இதற்கென்றே ஹேக் நகரத்தில் நிரந்தர நீதிமன்றம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கத்தான் இருக்கிறது. இலங்கை அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. சேராத நாட்டில் நடந்ததைத் தொடவேண்டுமென்றால் பாதுகாப்புச் சபையின் பெரிய மனிதர்கள் மனது வைக்கவேண்டும். கூப்பிட்டால் வருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் இந்த நாகரிகம் பிக்பாக்கெட் அடிப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, நீதிமன்றம் என்று பெயர் வைத்த ஏதாவது ஓர் இடத்தில், அது கல்லூரி ஆடிட்டோரியமாகவே இருந்தாலும், ஒரு தடவை அந்தப் பெயர்கள் வாசிக்கப்பட்டால் போதும் என்ற அளவுக்கு அவள் இறங்கி வந்திருந்தாள்.

அவளைக் கூட்டிவந்தவர் தமிழ் மன்றச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன். பொன்னாடை இல்லாமல் யாரையும் மேடையேற்றி அவருக்குப் பழக்கமில்லை. அவள் சாட்சிக் கூண்டில் ஏறியதும் சிவப்புச் சரிகைப் பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். காதருகே குனிந்து சொன்னார்:

“கொஞ்சம் அழுங்கோ, மேரிம்மா. நாலு நிமிஷம்தான் டைம்.”

“நான் அழ வரேல்ல, சேர். பேர் வாசிக்க வந்தனான்.”

எதிர்த்தரப்பு வக்கீலாக எழுந்தவன் செயலாளரின் சொந்தப் பிள்ளை ஷ்ரேயஸ். நீதிமன்றத்தின் கண்ணெதிரே சாட்சிக்குப் பரிசுப்பொருள் வழங்கப்பட்டிருக்கிறது, ஆகவே இந்தச் சாட்சியம் செல்லாது என்று அழகான ஆங்கிலத்தில் ஆட்சேபித்தான்.

“டேய், அது மரியாதைடா,” என்றார் தகப்பனார்.

“அப்பா, கோர்ட்ல ‘டேய்’ சொல்லக் கூடாது. ரூல் இருக்கு.”

நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் நிஜமாகவே ஓய்வுபெற்ற நீதிபதி. இவ்வளவு பகிரங்கமான லஞ்சத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சிரித்தார், ஆட்சேபத்தை ஏற்றார், சாட்சி இறங்கலாம் என்றார். பதினேழு பிள்ளைகள் போன இடத்தைக் கேட்க இந்த உலகத்தில் விதி கிடைக்கவில்லை. ஒரு துண்டுத் துணியைப் பற்றிக் கேட்க உடனே கிடைத்தது. பின்வரிசை மதியச் சாப்பாட்டுக்கு எழ ஆரம்பித்திருந்தது.

ஆரோக்கியமேரி பொன்னாடையை மடித்துக் கூண்டின் விளிம்பில் வைத்தாள். மணி அடித்தார்கள். மைக்கை அணைத்தார்கள். அவள் இறங்காமல் நின்று, பதினேழு பெயர்களையும், தேதியோடும் தகப்பன் பெயரோடும், கடைசிவரை வாசித்தாள்.